பூதக்கண்ணாடியோடு வைத்த சீர்

அஸ்தம்பட்டி, சேலம்
12-3-1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி அப்புசாமிதான். போன மாதம் பாடாய்ப் படுத்திய இருமல் போய்விட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் மச்சானும் சௌந்திரமும் சுகமா? மச்சானுக்கு நான் கட்டிவிட்ட கடைவாய்ப் பல் நிற்கிறதா, இல்லை கரும்பைக் கடித்துத் தொலைத்துவிட்டாரா? அவர் பொய் சொல்வார், நீ உண்மையை எழுது.

சௌந்திரத்துக்கு வைகாசியில் கல்யாணம் என்று படித்ததும், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். எருமப்பட்டி நல்ல ஊர்தான். மாப்பிள்ளை நாச்சிமுத்து ரிக் வண்டியோடு வடக்கே போர்க் கிணறு தோண்டப் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் வெளியூர். மாமியார் கண்ணாத்தாள் கொஞ்சம் கறார் என்கிறாய். இருக்கட்டும். தாய்மாமன் சீரைப் பற்றி மட்டும் நீ கவலைப்படாதே. புடவை, தேங்காய், வெல்லம், வாழைத்தார் எல்லாம் முறைப்படி வந்து சேரும். அதற்கு மேல் ஒன்று வரும். நம் பக்கத்தில் எந்த மாமனும் அப்படி ஒன்றைத் தட்டில் வைத்திருக்க மாட்டான்.

என்னிடம் இருக்கும் பொடிக்கண்ணாடிப் படங்களை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, "இதென்றா, பாசிமணிய ஒட்டி வெச்சிருக்கறே" என்று சொன்னவள் நீ. அக்கா, அது பாசிமணி இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் செய்தது. கண்ணாடியைக் காய்ச்சி நூலாக இழுத்து, கடுகைவிடப் பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துணுக்காக இடுக்கியால் எடுத்துச் சாந்தில் நட்டுப் படமாக்குவார்கள். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான துணுக்கு! சும்மா பார்த்தால் தூரிகையால் வரைந்தது என்றே சொல்வாய்.

ஏற்காட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் இதை வாங்கி வந்து நகையாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் போனபின் பங்களாச் சாமான் ஏலத்துக்கு வந்தது. சின்னக்கடை வீதியில் பழைய சாமான் வாங்கி விற்கும் பக்ருதீன் பாய், சுற்றியிருந்த தங்கத்தை மட்டும் உரித்துக்கொண்டு படத்தைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். பல்வலி என்று என்னிடம் வந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து அப்படி ஒன்று விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. ஆறு வருஷத்தில் பதினொன்று சேர்த்துவிட்டேன். அதில் ஆகச் சிறந்ததைப் பதக்கமாகச் சௌந்திரத்துக்குக் கொடுக்கப்போகிறேன். வேறு யாருக்குக் கொடுப்பேன் நான்?

மச்சானுக்கு என் வணக்கம். சௌந்திரத்துக்கு ஆசி.

இப்படிக்கு,
அப்புசாமி

---

மோகனூர்
20-3-1979

அன்புத் தம்பிக்கு அக்கா ராசம்மாள் எழுதுவது.

நாங்கள் சுகம். மச்சானுக்குப் பல் நிற்கிறது. கரும்பை ஒளித்து வைத்திருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் பெண்டாட்டி போனதிலிருந்து நீ ஓட்டல் சோற்றில் காலந்தள்ளுவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

சீர் விஷயம் படித்தேன். உன் ஆசை எனக்குத் தெரியும். ஆனால் மாமன் சீர் என்பது சபையில் தட்டைத் தூக்கிக் காட்டுவது. பந்தலின் கடைசியில் இருக்கிறவனுக்கும் தெரிய வேண்டும். ரூபாய்க் காசு அகலத்தில் கண்ணாடித் தூளைக் கொண்டுவந்து வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? கண்ணாத்தாள் எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற ரகம். நம் மாரியம்மன் கோயில் கல்யாணத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதில் என்ன படம் இருக்கிறது? அதை முதலில் சொல். நாயும் பூனையுமாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். கோயிலோ பூவோ இருந்தால் சரி, கொண்டு வா.

நல்லபடியாக இரு. எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா,
ராசம்மாள்

(மச்சான் இன்று மில் ஆபீசிலிருந்து உனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டாராம், கோயில்தான் என்று நீ சொன்னதாக வந்து சொன்னார். ரொம்பச் சந்தோஷம். கடிதத்தைப் பெட்டியில் போடும் முன் இதைச் சேர்க்கிறேன்.)

---

அஸ்தம்பட்டி
6-6-1979

அன்பு அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். இடுப்பு வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கே கல்யாண அலுப்பெல்லாம் தீர்ந்ததா? உன் கால் வீக்கம் வடிந்ததா?

அடேயப்பா, என்ன கூட்டம்! எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ பயந்துகொண்டிருந்தாய். கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னாய் அல்லவா? அதற்குத்தான் வெற்றிலை மேல் என் பூதக்கண்ணாடியையும் சேர்த்து வைத்தேன். நான் பல் பார்க்கிற கண்ணாடி, வெள்ளிப் பிடி போட்டது. அதையும் சீராகவே கொடுத்துவிட்டேன். எப்படி என் யோசனை? ஒவ்வொருவராகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி... வரிசையில் நிற்க வைத்துவிட்டேன் பார்த்தாயா!

சம்பந்தியம்மாதான் ரொம்ப நேரம் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சொக்கிப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. ரசனை உள்ள அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

சௌந்திரம் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் காலில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையில்லாதவனுக்கு அன்றைக்கு ஒரு நிறைவு. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அப்புசாமி

---

மோகனூர்
29-6-1979

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. காவிரியில் தண்ணீர் குறைவாகப் போகிறது. கரும்புக்கு மில்லில் வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை, மச்சான் அதற்கே நடையாக நடக்கிறார்.

சௌந்திரம் எருமப்பட்டியில் இருக்கிறாள். மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் ரிக் வண்டியோடு ஆந்திரா போய்விட்டார். அவர்கள் வீட்டில் கறவை எருமை ஒன்று செத்துப்போயிற்றாம், பாவம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேறொன்றும் விசேஷமில்லை.

ராசம்மாள்

---

அஸ்தம்பட்டி
5-7-1979

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீ சுகம்தானா? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. சீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள்? சௌந்திரம் தினமும் போட்டுக்கொள்கிறாளா, விசேஷத்துக்கு மட்டுமா? ஈரத்தில் போடாதே என்று சொல்லிவிடு. சாந்து இளகிவிடும்.

என் பக்கத்துச் செய்தியைக் கேள். பக்ருதீன் பாய் ஒரு புறாப் படம் கொண்டுவந்தார். நாலு புறா, ஒரு கிண்ணம், ஒரு புறா தண்ணீர் குடிக்கிறது, அதன் கழுத்தில் மயில் நிறம் மின்னுகிறது. மூன்று நாள் வேலையே ஓடவில்லை. போன வாரம் ரோமாபுரியில் படித்த பாதிரியார் ஒருவர் பல் பிடுங்கிக்கொள்ள வந்தார். எல்லாப் படத்தையும் காட்டினேன். வாயில் பஞ்சோடு கைகொட்டினார் மனுஷர்! சௌந்திரத்தின் பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கோயில் திவோலி என்ற ஊரில் இருக்கிறதாம், வட்டக் கோயில், இவர் அதன் வாசலில் நின்றிருக்கிறாராம். அதைப் போட்டோ எடுத்து ரோமாபுரிக்கு அனுப்பலாம் என்கிறார்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவீர்கள் அல்லவா? வரும்போது அதை ஒரு வாரம் எனக்குக் கொடுத்தனுப்பு. போட்டோ எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிவிடுகிறேன். மச்சானிடம் சொல்.

அப்புசாமி

---

மோகனூர்
18-9-1979

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே யாவரும் நலம். நீ மூன்று கடிதம் போட்டும் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தோட்டத்து வேலை, ஆள் கிடைப்பதில்லை, பேனாவைத் தொட நேரமில்லை.

ஆடிக்கு வந்த சௌந்திரம் இங்கேதான் இருக்கிறாள். மாப்பிள்ளை வெளியூரில் இருக்கும்போது அங்கே போய் என்ன செய்யப்போகிறாள்? அவளுக்கும் உடம்பு கொஞ்சம் சரியில்லை. வேறொன்றுமில்லை, அசதிதான்.

நகையை இப்போது அனுப்ப வசதிப்படாது. பிறகு பார்க்கலாம். அந்தப் புறாப் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய், நன்றாக இருக்கிறது. இன்னும் எழுது. நீ சந்தோஷமாக எழுதினால் எனக்குப் படிக்க ஆறுதலாக இருக்கிறது.

ராசம்மாள்

---

மோகனூர்
11-10-1979

மாப்பிள்ளை அப்புசாமிக்கு உன் மச்சான் சின்னுசாமி எழுதியது.

நலம். உன் நலம் அறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நீ எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு ராசம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் இனி மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

தலைதீபாவளி இல்லை. சௌந்திரத்தை ஆடி ஒன்றாம் தேதி கொண்டுவந்து விட்டவர்கள் திரும்ப அழைக்க வரவில்லை. ஆவணி போய், புரட்டாசியும் முடியப்போகிறது. காரணம் நீ வைத்த சீர்.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா பூதக்கண்ணாடியில் பார்த்தது கோயில்தான். ஆனால் இடிந்த கோயில். பாதித் தூண் முறிந்து கிடக்கிறது, கூரை இல்லை, சுவரில் செடி முளைத்திருக்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. நீ கண்ணாடியைக் கொடுத்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. சபையில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் எருமை செத்தது. ஆந்திராவில் ரிக் குழாய் அத்தனையும் குழிக்குள்ளே மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், ஊரைக் கூட்டிவிட்டார்கள். "பொண்ணு நெஞ்சுல இடிஞ்ச கோயலத் தொங்க உட்டு அனுப்பிச்சிருக்கறானுங்க தாய்மாமன், எங்கூடு வெளங்குமாங்க?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

ஆற்றில் போட்டுவிடலாம் என்றேன். மாமன் வைத்த சீரை எறிந்தால் அதைவிடக் கேடு வேறில்லை என்கிறாள் ராசம்மாள். திருப்பிக் கொடுக்கவும் முறையில்லை. சம்பந்தியம்மாவும் அதையேதான் சொல்கிறார்கள். வைத்திருக்கவும் கூடாது, விடவும் கூடாது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று ராசம்மாள் சத்தியம் வாங்கியிருந்தாள். "அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க, அதுவும் பாவம்னு தெரிஞ்சா எல்லாத்தையும் ஒடச்சுப்போட்டு மூலைல உக்காந்துக்குவான்" என்றாள். சௌந்திரம் வாயையே திறப்பதில்லை. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

சின்னுசாமி

---

அஸ்தம்பட்டி
15-10-1979

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மச்சான் கடிதம் வந்தது. அவரைத் திட்டாதே.

ஐயோ அக்கா! மூன்று மாதம்! மூன்று மாதமாகப் பெண் வீட்டில் கிடக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து புறா தண்ணீர் குடிக்கிறது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் படித்துவிட்டு ஆறுதலாக இருக்கிறது, இன்னும் எழுது என்கிறாய். இன்று இரண்டு பேரைப் பல் பிடுங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் மறைக்கவில்லை. அந்தக் கண்ணாத்தாள் நினைக்கட்டும், நீ நினைக்காதே. கோயில் என்றுதான் சொல்லி அனுப்பினேன், இடிந்தது என்று சொல்லவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு அது இடிந்ததாகவே தோன்றியதில்லை. அந்தக் கல்லின் நிறத்தைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், துணுக்கு எப்படி வளைந்து போகிறது என்று பார்ப்பேன். கல்யாணப் பெண்ணின் கழுத்தில் கூரையில்லாத கோயிலைப் போடுகிறோமே என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தோன்றவில்லையே! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படிக்காத பாட்டாளிக்கும் தெரியும். போதாததற்குப் பூதக்கண்ணாடியை வேறு கையில் கொடுத்தேன் நான்!

எறியக் கூடாது, திருப்பக் கூடாது. சரி. கட்டலாம் அல்லவா? இடிந்த கோயிலைக் கட்டினால் எவன் கேடு என்று சொல்வான்? சனிக்கிழமை மச்சானிடம் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தனுப்பு. சௌந்திரத்திடம் காரணம் சொல்லாதே, மனசு உடைந்து கிடப்பாள். போட்டோ எடுக்க மாமா கேட்டார் என்று சொல்லி வாங்கிக்கொள்.

அப்புசாமி

---

அஸ்தம்பட்டி
2-12-1979

அன்பு அக்காவுக்கு,

கண்தான் எரிகிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ, மச்சான், சௌந்திரம் எப்படி இருக்கிறீர்கள்?

முடித்துவிட்டேன். மத்தியானங்களில் வேலையை மூடிவிட்டு ஆறு வாரம் உட்கார்ந்தேன். முதலில் ஆட்டை எடுத்தேன். கல் மேல் சிவப்புப் பாவாடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், கோயில் வாசலில் அவளுக்கென்ன வேலை என்று அவளையும் எடுத்தேன். செடியைப் பிடுங்கினேன். பிறகு முறிந்த தூணையெல்லாம் நிமிர்த்தினேன். சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கிற அதே ஊசி, அதே சிமெண்ட்.

புதுக் கண்ணாடி ஒத்துப்போகாது. அந்தக் காலத்துத் துணுக்கேதான் வேண்டும். அது உலகத்தில் எங்கே கிடைக்கும்? என் அலமாரியில்தான். தூணுக்கு வெள்ளை புறாவிலிருந்து எடுத்தேன். கூரைக்கு இரண்டு படம் போயிற்று. கலசத்துக்கு மஞ்சள் வேண்டும், ஒரு கிளியை உரித்தேன். ஒன்றில் கைவைத்த பிறகு மற்றதில் கைவைப்பது சுலபமாக இருந்தது. பதினொன்றில் இப்போது முழுசாக ஒன்றும் இல்லை.

நேற்று பக்ருதீன் பாய் வந்தார். மேசையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "டாக்டரய்யா, என்னங்க இது? நான் தெரியாம ஒடச்சேன். நீங்க தெரிஞ்சே ஒடச்சிருக்கீங்களே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். டீகூடக் குடிக்காமல் போனார். போகட்டும் அக்கா. அதெல்லாம் கண்ணாடி, இவள் பெண்.

பதக்கம் இத்துடன் மச்சான் கையில் வருகிறது. பூதக்கண்ணாடியையும் வைத்துச் சம்பந்தியம்மாவிடம் காட்டச் சொல். எண்ணிப் பார்க்கட்டும். தூண் பத்தும் நிற்கிறது.

அப்புசாமி

---

மோகனூர்
17-1-1980

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நலம், நலம். நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

தை இரண்டாம் தேதி கண்ணாத்தாள் காரில் வந்து இறங்கினாள். மார்கழியிலேயே மச்சான் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். வெயிலில் வைத்துப் பார்த்தாளாம், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். "இதென்னுங்க அதிசியம், கலசம் மொதக்கொண்டு வெச்சுப் போட்டாரு" என்றாளாம். இங்கே வந்து எனக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூ வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் பெண்ணின் கழுத்தில் போட்டாள். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

சௌந்திரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நிம்மதியில் வார்த்தை வராது அல்லவா. மத்தியானமே எருமப்பட்டிக்கு அனுப்பி வைத்தோம்.

உன் படமெல்லாம் போயிற்றே. உன் கடனை எந்த ஜன்மத்தில் தீர்ப்பேன்? வாரம் ஒருமுறையாவது இங்கே வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

---

எருமப்பட்டி
9-3-1980

மாமா அவர்களுக்கு சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். தங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? வெள்ளரிக்காய் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கோபத்தில் எழுதக் கூடாது என்று கிழித்துக் கிழித்துப் போட்டேன். கோபம் போகவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

என்னை ஆடியில் அனுப்பியது படத்துக்காக இல்லை. எருமை செத்த அன்று அத்தை, "அந்தச் சனியனக் கழட்டிப் பொட்டில போடு" என்றார்கள். "கழட்ட மாட்டேனுங்க, எங்க மாமா வெச்ச சீருங்க" என்றேன். அடுத்த நாளும் சொன்னார்கள், அடுத்த வாரமும் சொன்னார்கள். கடைசியாக, கழட்டு இல்லையென்றால் கிளம்பு என்றார்கள். கிளம்பினேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது தெரியும். உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பெண் எதிர்த்துப் பேசினாள் என்று எழுத அவர்களுக்கு வெட்கம்.

மாமா, அதற்கு முன்னால் என் ஆயுளில் நான் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

புரட்டாசியில் அவர் எனக்குக் கடிதம் எழுதினார். "நீ கழட்டாதே. தையில் லீவில் வந்து நானே உன்னை அழைத்துப் போகிறேன், அம்மா இறங்கி வருவாள்" என்று. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்போதுதான் மாமா போட்டோ எடுக்கக் கேட்கிறார் என்று அப்பா வந்து நின்றார். உங்களுக்கு என்றதால் கழற்றிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் ஏன் அந்தப் பெண்ணை எடுத்தீர்கள்? கூரையில்லாத கோயிலில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் மத்தியானம் எல்லோரும் படுத்தபின் கண்ணாடியை வைத்து அவளைத்தான் பார்ப்பேன். தூண் விழுந்ததைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எனக்கு அதைப் பார்த்தால் தைரியமாக இருக்கும். இப்போது பத்துத் தூணும் கலசமும் இருக்கிறது, ஆள் ஒருவரும் இல்லை.

தங்கள் படங்கள் பதினொன்றும் போயின என்று அம்மா எழுதினாள். எனக்காக என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அத்தை எதற்கும் சத்தம் போடுவதில்லை. நாமக்கல்லுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போவதை நிறுத்து என்றார்கள். நான் யோசித்தேன். "உங்க மாமனே ஊட்டுக்கு ஆகாதுன்னதும் ஒடச்சு மாத்திக் குடுத்துப்போட்டாரு. நீ என்ன அம்மிணி யோசிக்கறே?" என்றார்கள். நிறுத்திவிட்டேன். என் புத்தகங்களை எடைக்குப் போடச் சொன்னபோதும் அதே பேச்சு. போட்டுவிட்டேன். முன்னால் இந்த வீட்டில் நான் கழட்டாத ஒன்று இருந்தது. அதை நீங்களே கழட்டிவிட்டீர்கள்.

அவர் தையில் வரவில்லை. நான்தான் வந்துவிட்டேனே, அவசரமில்லை என்று வேலையில் இருந்துவிட்டார்.

தங்களைப் புண்படுத்த எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சௌந்திரம்

---

(தபால் கார்டு)

அஸ்தம்பட்டி
12-3-1980

அம்மிணி சௌந்திரத்துக்கு மாமா எழுதுவது.

கண் பரவாயில்லை. உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்.

கவரில் வைத்து ஒட்டினால் நீ மட்டும் படிப்பாய். அதனால் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், எதிர்வீட்டார் படிக்கட்டும், உன் மாமியாருக்கு யாராவது சத்தமாகப் படித்துக் காட்டட்டும். சேதி இதுதான்: கழட்ட மாட்டேன் என்று நீ சொன்னது சரி. உன்னைக் கேட்காமல் மாற்றியது நான் செய்த தப்பு. என்னை உதாரணம் காட்டி இனி அந்த வீட்டில் உன்னிடம் யாரும் எதையும் வாங்க வேண்டாம். நாச்சிமுத்துவுக்கும் இதே வாசகத்தை அவர் கம்பெனி விலாசத்துக்குக் கார்டில் போட்டுவிட்டேன்.

வரும் புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தட்டு, தேங்காய், நகை ஒன்றும் கொண்டு வரவில்லை. எல்லோரையும் வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்பேன், உனக்கு என்ன வேண்டும் சாமி என்று. படிக்கப் போகிறேன் என்றால் அங்கேயே பேசி முடிப்பேன். என்னோடு வருகிறேன் என்றால் அழைத்துக்கொண்டு வருவேன். ஒன்றும் வேண்டாம், போங்கள் மாமா என்றால், காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். யோசித்து வை. நீ சொல்வதற்கு மேல் ஒரு துணுக்குக்கூட நான் தொடமாட்டேன்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் என் வணக்கம்.

அப்புசாமி